மொட்டை மாடியில் மலைக்காய்: மதுரைக் குளிருக்கு ஒரு கணக்கு

கேரட், காலிபிளவரெல்லாம் மதுரையில் விளையுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். விளையும், ஆனால் புரட்டாசியிலேயே அதற்கு உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். பொங்கலுக்கு முந்தின வாரம் அண்ணா நகர் உழவர் சந்தையில் வெள்ளை வெளேரென்று பூவைப் பார்த்து ஆசைப்பட்டு அன்றைக்கே விதை பாக்கெட் வாங்கி வந்தால், மாசியில் இலையும் புழுவும்தான் மிஞ்சும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், அதனால் சொல்கிறேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்பதெல்லாம் நாட்டுக்காய்க்கு. கத்தரி, வெண்டை, அவரைக்கு அது பொருந்தும். மலைக்காய்க்குப் பட்டம் வேறு.

முதலில் எதை எதிர்த்து நிற்கிறோம் என்று பார்த்துவிடலாம். கொடைக்கானல் இங்கிருந்து மூன்று மணி நேரப் பயணம்தான், ஆனால் அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நாம் 100 மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய உயரத்தில் கிடக்கிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும் என்று வைத்துக்கொண்டால், ஒரே மார்கழி இரவில் அங்கே 8, 9 டிகிரி, இங்கே 20, 21. பகலில் நமக்கு 30 வரை போகும். காய்க்கு முக்கியம் ராத்திரிதான். பகலில் இலை தயாரிக்கிற சர்க்கரையை ராத்திரியில் செடி மூச்சு விட்டுச் செலவழிக்கிறது, ராத்திரி சூடாக இருந்தால் செலவு அதிகம், கிழங்குக்குப் போய்ச் சேருவது குறைவு. பூம்பாறைப் பக்கம் விளைந்த கேரட் இனிப்பதற்கும் நம் மாடிக் கேரட் கொஞ்சம் சப்பென்று இருப்பதற்கும் இது ஒரு காரணம். சப்பென்று இருந்தாலும் பிடுங்கிய கையோடு கழுவிக் கடித்துப் பாருங்கள், குறை சொல்ல மாட்டீர்கள்.

ஆக, நமக்குக் கிடைக்கிற குளிர் கார்த்திகையில் தொடங்கி தை முடிய. மிஞ்சிப்போனால் எண்பது, தொண்ணூறு நாள். சிவராத்திரி வந்தால் பனி சிவசிவா என்று போய்விடும் என்பார்கள், எங்கள் நாகமலை அடிவாரத்தில் அதற்கு முன்னாலேயே போய்விடுகிறது. நான் வைத்துக்கொண்டிருக்கும் கெடு தைப்பூசம். மாரியம்மன் தெப்பக்குளத்தில் மீனாட்சி தெப்பம் சுற்றுகிற அன்றைக்குள் காலிபிளவரும் முட்டைக்கோஸும் செடியில் இருக்கக் கூடாது, கேரட் மட்டும் ஒரு வாரம் கூடுதலாக மண்ணில் கிடக்கலாம். அந்த நாளிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே வாருங்கள்.

இந்தப் பின்னால் எண்ணுகிற புத்தி எனக்கு டொரண்டோவில் இருக்கும் சித்தி மகள் சொல்லி வந்தது. அவள் வீட்டில் பங்குனியில் ஜன்னலோரம் விளக்குப் போட்டுத் தக்காளி நாற்று வளர்க்கிறாள், மே மாதக் கடைசியில் வருகிற விக்டோரியா தின விடுமுறை கழிந்துதான் வெளியே நடுகிறாள். "அண்ணே, அதுக்கு முன்ன வெளிய வச்சா ஒரே ராத்திரியில பனி கருக்கிரும், அக்டோபர்ல மறுபடி கருக்க வந்துரும், நடுவுல உள்ளதுதான் எங்களுக்கு" என்றாள். அவளுக்கு இரண்டு பக்கமும் உறைபனி, எனக்கு இந்தப் பக்கம் புரட்டாசி வெயில், அந்தப் பக்கம் மாசி வெயில். அவள் குளிருக்குப் பயந்து நாற்றை வீட்டுக்குள் வைக்கிறாள், நான் சூட்டுக்குப் பயந்து பின்கட்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து நிழலில் வைக்கிறேன்.

சரி, கணக்கு. காலிபிளவர் நாற்றுக்கு 25 நாள், நட்ட பிறகு 60 முதல் 70 நாள், மொத்தம் தொண்ணூறு சொச்சம். அதனால் புரட்டாசி பிற்பகுதியில் விதை தூவியாக வேண்டும், ஐப்பசி நடுவில் மண் நிரப்பிய செடிப் பைக்கு மாற்றியாக வேண்டும். முட்டைக்கோஸுக்கும் ஏறத்தாழ இதே கணக்கு, ஐந்தாறு நாள் கூடலாம். கேரட் விதைத்ததிலிருந்து 80, 90 நாள். பீட்ரூட் 60, 70. செடி பீன்ஸ் 45, 50 நாளில் முதல் பறிப்பு. முள்ளங்கி 40, 45 நாள், அதனால் அவசரமே இல்லை, கார்த்திகை முழுக்கப் பத்து நாளைக்கு ஒரு பை என்று விதைத்துக்கொண்டே போகலாம்.

விதை வாங்கும்போது ரகம் பார்க்காமல் வாங்காதீர்கள், பாதித் தோல்வி அங்கேயே நடந்துவிடுகிறது. காலிபிளவரில் ஸ்னோபால் வகைக்கு 10 முதல் 16 டிகிரி இருந்தால்தான் பூ கட்டும், மதுரையில் அது வெறும் இலைக் காடாக நிற்கும். சமவெளிக்கென்றே முன்பட்ட ரகங்கள், அதாவது பருவத்தின் தொடக்கத்திலேயே விதைக்கிற ரகங்கள் இருக்கின்றன. பூசா மேக்னா, பூசா தீபாலி போன்றவை 20 முதல் 27 டிகிரியிலும் பூ கட்டுகிறவை. கடைக்காரரிடம் பெயர் கேட்டுத் தெரியாவிட்டால் "சமவெளிக்கு, முன்பட்டம்" என்று சொல்லிக் கேளுங்கள். கேரட்டில் குரோடா வகை நம் சூட்டை ஓரளவு தாங்கும். முள்ளங்கியில் பூசா சேத்கி கோடையிலேயே வரக்கூடியது, குளிரில் கேட்கவே வேண்டாம். பீன்ஸில் அர்கா கோமல், குட்டைச் செடி, பந்தல் வேலை கிடையாது. பாக்கெட்டின் பின்பக்கம் தேதி பார்ப்பதும் முக்கியம். போன வருடத்துக் கேரட் விதையை ஒரு கடையில் என் தலையில் கட்டிவிட்டார்கள், இருபது நாள் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

விதையை நாமே எடுத்து வைத்துக்கொள்ள முடியாதா என்று அம்மா வருடா வருடம் கேட்கிறார். முட்டைக்கோஸ், பீட்ரூட், குரோடா மாதிரிக் கேரட் எல்லாம் இரண்டு பருவச் செடிகள், ஒரு நீண்ட குளிரைக் கடந்தால்தான் பூக்கும். நம் ஊரில் அந்தக் குளிர் வராது, பூ வராது, விதையும் வராது. வருடா வருடம் வாங்கத்தான் வேண்டும். பூண்டுக்கும் இதே கதைதான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், அதன் பற்களைக் கொண்டுவந்து மாடியில் ஊன்றிப் பார்த்தேன், தாள் தாளாக வந்தது, கிழங்கு கட்டவில்லை. தாளை ரசத்தில் போட்டுக் காலி செய்தோம்.

மண் கலவைக்கு வருவோம். செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பைக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து மூன்று தண்ணீராவது கழுவுங்கள். முதல் தண்ணீர் டிகாஷன் மாதிரி கறுப்பாக வரும், மூன்றாவதில் வெளிறும். அதில் இருக்கிற உப்பு போகாமல் நட்டால் நாற்றின் இலை ஓரம் கருகும், அதற்கு நோய் என்று நினைத்து மருந்தடித்துக்கொண்டு இருப்போம். கேரட் பைக்கு மட்டும் செம்மண்ணைச் சல்லடையில் சலித்துப் போடுங்கள். ஒரு சின்னக் கல் இடறினாலும் கிழங்கு இரண்டு காலாகப் பிரியும். மட்காத சாணம் போட்டாலும் அப்படியே. பை ஒரு அடிக்குக் குறையாத ஆழம் இருக்க வேண்டும். காலிபிளவருக்கும் கோஸுக்கும் ஒன்றேகால் அடிப் பையில் ஒரே ஒரு செடி, இரண்டு வைத்தால் இரண்டுமே கெடும், இதில் இரக்கம் பார்க்காதீர்கள். பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், ஐப்பசி மழையில் அடியில் தண்ணீர் தேங்கினால் மாடியும் கெடும் வேரும் கெடும்.

நாற்றுக்குக் குழித்தட்டு வாங்கலாம், நான் பேப்பர் டீ கப்பில் ஓட்டை போட்டுச் செய்கிறேன். நார்க்கழிவும் மண்புழு உரமும் சரிபாதி, கப்புக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம், மேலே தூசு மாதிரி மூடினால் போதும். கப்புகளை வைத்திருக்கும் தட்டைச் சுற்றி எறும்பு வராமல் தண்ணீர் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஒரே ராத்திரியில் விதை முழுக்க இடம் மாறிவிடும். நாலைந்து நாளில் முளைக்கும். முளைத்தவுடன் இருட்டு மூலையிலேயே வைத்திருந்தால் தண்டு நூல் மாதிரி நீண்டு சாயும், அதனால் 50 சதவீத நிழல் வலைக்குக் கீழே வெளிச்சத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இந்தச் சமயத்தில் நாற்றைக் கொல்வது வெயிலைவிடத் தண்ணீர்தான். காலையில் நிமிர்ந்து நின்ற நாற்று மாலையில் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும், தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் மட்டும் யாரோ நகத்தால் கிள்ளின மாதிரி சுருங்கிப் பழுப்பாக இருக்கும். நாற்றழுகல். அந்தக் கப்பைக் காப்பாற்ற முடியாது, தூக்கிப் போட்டுவிட்டு மற்றவற்றுக்குத் தண்ணீரைக் குறையுங்கள். வராமல் தடுக்க விதைக்கும் கலவையில் கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்துவிடலாம், அழுக வைக்கிற பூஞ்சையை அடக்குகிற நல்ல பூஞ்சை அது, உரக்கடையில் பொடியாகக் கிடைக்கும். தண்ணீர் காலையில் மட்டும், அதுவும் மேல் மண் காய்ந்திருந்தால் மட்டும்.

நாலைந்து இலை வந்ததும், அதாவது 25 நாளில், நட்டுவிட வேண்டும். அதற்கு முன் ஐந்தாறு நாள் வெயில் பழக்குங்கள். முதல் நாள் காலை ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு, அப்புறம் மதியம் வரை. டொரண்டோக்காரி குளிர்காற்றுக்குப் பழக்குவதும் இப்படித்தான். நடுவது சாயங்காலம், நட்ட மூன்று நாள் மதிய வெயிலுக்கு மறைப்பு. இதில் தாமதம் செய்தால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் தீபாவளிக்கு வீடு நிறைய விருந்தாளிகள், மாடிப் பக்கமே போகவில்லை, 45 நாள் நாற்றை நட்டேன். செடி முழங்கால் உயரம்கூட வரவில்லை, நடுவில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு பூ வந்து அதோடு நின்றுவிட்டது. முற்றிய நாற்று, பட்டினி போட்ட நாற்று, தாகத்தில் விட்ட நாற்று எல்லாம் இப்படித்தான் பொத்தான் பூ காட்டும். எட்டுச் செடியின் பூவும் சேர்த்து ஒரு வேளைப் பொரியலுக்குக் காணவில்லை. நாற்றையே விலைக்கு வாங்கலாம் என்றால் அதிலும் ஒரு சங்கடம், கோஸ் நாற்றும் காலிபிளவர் நாற்றும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஒரு பண்ணையில் காலிபிளவர் என்று வாங்கி வந்த பத்தில் நாலு, தையில் உருண்டு கோஸானது. நல்ல கோஸ்தான், அதை ஏன் குறை சொல்வானேன்.

கேரட், பீட்ரூட், முள்ளங்கி மூன்றையும் நாற்று விடவே கூடாது, குறிப்பாகக் கேரட்டை. பிடுங்கி நட்டால் ஆணிவேர் மடங்கிவிடும், மடங்கியதுதான் கிழங்கு. நேராகப் பையில் விதையுங்கள். ஆனால் ஐப்பசியில் நமக்கு அடைமழை, வருடத்திலேயே அதிகம் பெய்கிற மாதம். கேரட் விதை சீரகத்தில் பாதிகூட இருக்காது, ஒரு மழை அடித்தால் எல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். அதனால் ஐப்பசிக் கடைசியில் மழை கொஞ்சம் ஓய்கிற நேரம் பார்த்து, விதையைக் காய்ந்த மணலோடு கலந்து கோடு கிழித்துத் தூவி, அப்பாவின் பழைய வேட்டியை நனைத்து மேலே விரித்துவிடுகிறேன். மழை அடித்தாலும் நகராது, வெயில் அடித்தாலும் காயாது. பத்திலிருந்து பதினைந்து நாள் ஆகும், பொறுமை வேண்டும். எட்டாம் நாளிலிருந்து தினமும் காலையில் வேட்டியைத் தூக்கிப் பாருங்கள். பச்சையாக ஒரு ஊசிமுனை தெரிந்தால் உடனே எடுத்துவிடுங்கள், ஒரு நாள் தாமதித்தால் நூலிழை வழியாகவே முளைத்து வேட்டியோடு சேர்ந்து வந்துவிடும்.

பீட்ரூட் விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள், சுண்டைவற்றலைச் சின்னதாக்கிய மாதிரி முரடாக இருக்கும். அது ஒரு விதை இல்லை, இரண்டு மூன்று விதை சேர்ந்த கொத்து. ராத்திரி ஊறவைத்து ஊன்றினால் ஒரே இடத்தில் மூன்று முளை வரும், நல்லதாக ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்க வேண்டாம், பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும். கேரட்டுக்கு இரண்டு அங்குல இடைவெளி, பீட்ரூட்டுக்கு நாலு. களைந்த பீட்ரூட் கீரையைப் பருப்போடு கடையலாம். இந்தக் களைகிற வேலையில்தான் எல்லோருக்கும் கை வராது. முளைத்ததை எப்படி வெட்டுவது என்று விட்டுவிட்டு, தையில் பென்சில் பென்சிலாகக் கேரட் எடுத்துக்கொண்டு மதுரை மண்ணைத் திட்டுவார்கள்.

பீன்ஸைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊன்றுங்கள், தண்ணீர் ஊற்றுங்கள், பூக்கிற நேரத்தில் மட்டும் பை காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெயில் ஏறினால் பூ கொட்டும்.

உரம் என்று பெரிதாக ஒன்றும் தேவையில்லை. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை செடிக்கு இரண்டு பிடி மண்புழு உரம், கோஸ் வகைக்கு மட்டும் கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். வாடை தெருவுக்கே வரும், பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். கேரட்டுக்கு இதை ஊற்றாதீர்கள், தழை செழித்து கிழங்கு சோம்பிப்போகும். கிழங்குக்கு அடுப்புச் சாம்பல் நல்லது என்பார்கள், ஆனால் நம் பக்கத்து போர் தண்ணீரே உப்பும் காரமுமாக இருக்கும்போது அதன் மேல் சாம்பலையும் போடுவது எனக்கு உடன்பாடில்லை. முடிந்தால் ஐப்பசி மழைத் தண்ணீரை இரண்டு டிரம்மில் பிடித்து மூடி வைத்து நாற்றுக்கு அதை ஊற்றுங்கள், வித்தியாசம் ஒரே வாரத்தில் தெரியும். காலிபிளவர் நட்ட முப்பதாம் நாள் லிட்டருக்கு 1 கிராம் போராக்ஸ் (வெண்காரம்) கரைத்து இலையில் தெளித்தால் பூ பழுப்படிப்பதும் தண்டு உள்ளே பொந்தாவதும் குறையும்.

புழுதான் பெரிய தலைவலி. கோஸ் இலையின் அடியில் பச்சையாக, தொட்டால் துடித்து நூலில் தொங்குகிற சின்னப் புழு, அது வைர முதுகுப் பூச்சியின் புழு. கோஸ் பைகளுக்கு நடுவே இரண்டு மூன்று பையில் அஞ்சறைப்பெட்டிக் கடுகைத் தூவிவிடுங்கள். அந்தப் பூச்சிக்குக் கோஸைவிடக் கடுகு பிடிக்கும், முட்டையை அங்கே போய் வைக்கும், கடுகுச் செடியைப் பிடுங்கிப் போட்டுவிடலாம். அப்படியும் வந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கரைய நாலு சொட்டு சோப்புத் தண்ணீர், சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். பனி விழ ஆரம்பித்ததும் இலைச் சாற்றை உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சி வரும், அதற்கும் இதே எண்ணெய்தான். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது சும்மா சொன்னதில்லை, மார்கழி பாதியிலிருந்தே மாடியில் இலையெல்லாம் விடிகாலையில் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். அதனால் மேலே தண்ணீர் தெளிக்காமல் வேரில் மட்டும் ஊற்றுங்கள். எங்கள் பக்கம் மயில் தொல்லையும் உண்டு. அதற்கு வலை போடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை, முருகன் வாகனத்தை என்ன சொல்ல.

மார்கழியில் காலிபிளவரின் நடுவே முதலில் ஒரு சுண்டைக்காய் அளவுக்கு வெள்ளை தெரியும். கோழிமுட்டை அளவு வந்ததும் சுற்றி இருக்கிற நாலு பெரிய இலைகளை மேலே தூக்கிக் குடுமி மாதிரிச் சேர்த்து வாழைநாரால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். வெயில் பட்டால் பூ மஞ்சளாகும், கட்டினால் வெளுப்பாக இருக்கும். இரண்டு நாளுக்கு ஒரு முறை அவிழ்த்துப் பார்க்க வேண்டும், உள்ளே புழு சுகமாகக் குடியிருக்கும். கட்டி ஏழெட்டு நாள், அதிகம் போனால் பத்து நாளில் வெட்டிவிடலாம். இன்னும் பெரிதாகட்டும் என்று காத்திருந்தீர்களோ, பூ இளகி அரிசி அரிசியாகப் பிரியும், ருசியும் போய்விடும். மதுரையில் உள்ளங்கை இரண்டு சேர்த்த அளவு வந்தாலே அது முழுப் பூ. பத்துப் பையில் எனக்கு ஆறேழு தேறுகிறது. "இத்தனை கூத்துக்கு சந்தையில வாங்கிருக்கலாம்ல" என்று அம்மா சொல்லிக்கொண்டேதான் மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் அதைப் போடுவார்.

கோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள், கல் மாதிரி இருந்தால் வெட்டலாம். முற்றியபின் நிறையத் தண்ணீர் ஊற்றினால் தலை பிளந்துகொள்ளும். வெட்டும்போது அடி இலைகளோடு தண்டை விட்டுவிட்டால் அதில் எலுமிச்சை அளவில் நாலைந்து குட்டிக் கோஸ் வரும், கூட்டுக்கு ஆகும். முள்ளங்கியை மண்ணுக்கு மேல் தோள் தெரிந்ததும் பிடுங்கிவிட வேண்டும், ஒரு வாரம் தள்ளினால் உள்ளே நெட்டியாகிவிடும். கேரட்டின் தோள் வெளியே தெரிந்தால் மண் போட்டு மூடிக்கொண்டே வாருங்கள், வெயில் பட்ட இடம் பச்சையாகிக் கசக்கும். தழையின் அடியில் விரலால் மண்ணை விலக்கி, கட்டைவிரல் கனம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முந்தின நாள் சாயங்காலம் நன்றாகத் தண்ணீர் விட்டுக் காலையில் இழுங்கள். காய்ந்த மண்ணில் இழுத்தால் தழை மட்டும் கையோடு வரும்.

எல்லாம் எடுத்து முடிந்ததும் பை மண்ணை மாடியிலேயே கொட்டிப் பரப்பி மாசி வெயிலில் ஒரு வாரம் காயவிடுங்கள், கோஸ் வேர்களைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அப்புறம் இரண்டு பிடி உரம் கலந்து அதே பைகளில் வெண்டையும் கொத்தவரையும் ஊன்றலாம். கோஸ் இருந்த பையில் மறு வருடம் கோஸ் வேண்டாம், எது எதில் இருந்தது என்று பையின் மேல் பெயிண்டால் எழுதி வையுங்கள். பேனா மை மழையில் அழிந்துவிடுகிறது.